முன்னாள், பழைய, முந்தைய: ஆங்கிலத்தின் ‘ஃபார்மர்’ பற்றிப் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆய்வு

புதுச்சேரியைப் பற்றி ஆங்கிலத்தில் யார் எழுதினாலும் முதல் பத்திக்குள் ஒரு பெயரடை வந்துவிடும்: ‘ஃபார்மர்’. ஃபார்மர் பிரெஞ்ச் காலனி, ஃபார்மர் பிரெஞ்ச் டெரிட்டரி. சுற்றுலாக் கையேட்டிலும் இதுதான், ஆய்வேட்டின் முன்னுரையிலும் இதுதான். ஊரை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்யப் பழகும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தத் தொடர் மனப்பாடம். ஆனால் அதே சொல்லை வேறொரு வாக்கியத்தில் தாங்களாகவே வைத்துப் பார்க்கும்போது கை நின்றுவிடுகிறது. ‘எனக்கு முன்பு பாடம் எடுத்த ஆசிரியர்’, ‘நாங்கள் முன்பு குடியிருந்த வீடு’, ‘அவர் இப்போது அமைச்சர் இல்லை’, ‘அப்போது அவர்தான் அமைச்சர்’ என்ற நான்கையும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எதில் ஃபார்மர் வரும், எதில் வராது, வந்தால் எந்த இடத்தில் வரும் என்பதில் கல்லூரி மாணவர்களே பிரிந்து நிற்பார்கள்.

இதற்குக் காரணம் மாணவர்களின் மந்தம் அல்ல. ஆங்கிலம்-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இந்த மாதிரிச் சொற்களுக்கு எதிரே முன்னாள், முந்தைய, பழைய, முற்காலத்திய என்று பொருள்கள் வரிசையாகக் கிடக்கும். எது எங்கே பொருந்தும் என்ற குறிப்பு அரிது. தமிழில் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவன அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி வேலை செய்கிறது. அவற்றைக் கலந்து கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் பிழை வருகிறதே என்று வருந்துவதில் நியாயம் இல்லை. தமிழ் மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுகளைக் கொண்டே இந்த ஆங்கிலச் சொல்லை முழுமையாக விளக்கிவிட முடியும் என்பது என் கருத்து. அதற்குப் புதுச்சேரியைவிட நல்ல வகுப்பறை கிடையாது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் இங்கே ஒரே தெருவில் புழங்குகின்றன. மூன்றும் இந்தக் கருத்தை மூன்று விதமாகச் சொல்கின்றன.

முதலில் ஒலி. விவசாயியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நாம் ‘ஃபார்மர்’ என்றுதான் எழுதுகிறோம். டாக்டர், ஆபீஸ், காபி என்று ஆங்கிலத்தின் குவிந்த உயிரொலியை ஆகாரமாக விரித்துச் சொல்வது நம் பேச்சின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றாகிவிடுகின்றன. விவசாயி வாய் திறந்த ஆகாரம். முன்னாள் என்ற பொருளில் வருவது உதட்டைக் குவித்து, ஓகாரத்துக்கு அருகில் சொல்லவேண்டியது. ‘ஃபார்மர் பிரசிடென்ட்’ என்று வானொலியில் கேட்கும்போது விவசாயிகள் சங்கத் தலைவரா, முன்னாள் குடியரசுத் தலைவரா என்று சூழலை வைத்துத்தான் பிரிக்கவேண்டும் என்ற நிலை நல்லதல்ல. இதைச் சரிசெய்ய ஒரு வகுப்பு போதும். உதட்டைப் பார்த்துப் பழகினால் வந்துவிடும்.

சொல்லின் பிறப்பு அதன் நடத்தையை ஓரளவு விளக்கும். பழைய ஆங்கிலத்தில் ‘முதல்’ என்று பொருள்பட்ட ஒரு சொல்லோடு ஒப்பீட்டு விகுதி சேர்ந்து உருவானது இது. உருவத்திலேயே ‘இன்னும் முந்திய’ என்ற ஒப்பீடு இருக்கிறது. அதனால்தான் இதற்கு முன்னே ‘மோர்’ சேராது, ‘வெரி’ சேராது. அதன் ஜோடியான ‘லாட்டர்’ என்பதும் ‘லேட்’ என்ற சொல்லின் பழைய ஒப்பீட்டு வடிவம். நம் முன்னாளும் இதைப்போலக் காலத்தைக் கருவாகக் கொண்டதுதான். முன் + நாள் என்ற இரண்டு சொற்கள் புணர்ந்து முன்னாள் ஆயின. அதற்கு எதிர்ச்சொல்லாக இந்நாள் நிற்கிறது. ‘முன்னாள், இந்நாள் மாணவர்கள் அனைவரும் வருக’ என்று ஆண்டுவிழா அழைப்பிதழ்களில் அச்சாவது இந்த ஜோடிதான்.

இனி இலக்கணம். ஃபார்மர் என்ற சொல் பெயருக்கு முன்னால் மட்டும் வரும். ‘தி மினிஸ்டர் இஸ் ஃபார்மர்’ என்று எழுதினால் அது ஆங்கிலம் அல்ல. ஏ. எஸ். ஹார்ன்பி ஆங்கிலம் கற்போருக்காகத் தொகுத்த அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 1948ல் வெளியிட்டது. அந்த மரபில் வந்த இன்றைய பதிப்புகள் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘பெயருக்கு முன் மட்டும்’ என்று அடையாளமிட்டுவிடுகின்றன. பலரும் அந்தக் குறிப்பைக் கண்ணால் கடந்துபோகிறார்கள். தொடக்க வகுப்பிலிருந்தே ‘ஹி இஸ் டால்’, ‘ஷி இஸ் ஹேப்பி’ என்று பயிற்சி கொடுக்கப்படுவதால், எந்தப் பெயரடையையும் வாக்கியத்தின் முடிவில் வைக்கலாம் என்ற எண்ணம் ஊறிவிடுகிறது.

தமிழில் இந்த எண்ணத்துக்கே இடமில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. ‘நல்ல மனிதர்’ என்கிறோம், ‘அந்த மனிதர் நல்ல’ என்று யாரும் சொல்வதில்லை. நல்லவர் என்று பெயராக்கினால்தான் வாக்கியம் முடியும். பெரிய வீடு, அந்த வீடு பெரியது. புதிய சட்டை, இந்தச் சட்டை புதிது. புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1989ல் தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் தமிழ் ஆராய்பவர்கள் முதலில் எடுக்கும் நூல்களில் அது ஒன்று. தமிழில் பெயரடை என்ற வகை உண்டு, எண்ணிக்கையில் சிறியது, பெயருக்கு முன்னால் நிற்பதே அதன் இயல்பு என்ற பார்வை அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் ஆங்கிலப் பெயரடையான ஃபார்மர் தமிழ்ப் பெயரடைபோல நடக்கிறது. ‘நல்ல’ எப்படியோ ‘ஃபார்மர்’ அப்படி என்று ஒரு வரியில் சொல்லிக்கொடுத்தால் மாணவர் அந்தப் பிழையைச் செய்யவே மாட்டார். ஆங்கிலப் பாடநூல்கள் இதைச் சொல்வது அரிது, ஏனென்றால் அவற்றில் பல தமிழருக்கென்று எழுதப்பட்டவை அல்ல.

பெயரடை தமிழில் தனி வகையா என்பது பழைய விவாதம். தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகத்தான் வகுத்தது. 1856ல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், திராவிட மொழிகளில் பெயரடையின் வேலையைப் பெரும்பாலும் பண்புப்பெயர்களும் பெயரெச்சங்களும் செய்கின்றன என்று கண்டார். புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1855லும் 1862லும் இரண்டு தொகுதிகளாகத் தமிழ்-பிரெஞ்சு அகராதியை வெளியிட்ட முசே, துப்புய் ஆகிய பாதிரியார்களும் இந்த மொழியைத் தங்கள் ஐரோப்பிய இலக்கணச் சட்டத்துக்குள் பொருத்திப் பார்க்கவேண்டிய நிலையில்தான் இருந்தார்கள். ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன் 1977ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எல்லா மொழிகளிலும் பெயரடை வகை ஒரே அளவில் இருப்பதில்லை, சிறிதாக இருக்கும் மொழிகளில் அளவு, வயது, நல்லது கெட்டது, நிறம் ஆகியவற்றைச் சொல்லும் சொற்களே அதில் முதலில் இடம்பிடிக்கின்றன என்று காட்டினார். பெரிய, சிறிய, புதிய, பழைய, நல்ல, கெட்ட என்ற நம் பட்டியல் அப்படியே அதற்குள் வந்து அமர்கிறது. முன்னாள் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததில்லை. பெயராகப் பிறந்து அடையாக உழைப்பது அது.

பொருள் பக்கம் திரும்பினால் விஷயம் இன்னும் சுவையானது. ‘உயரமான அமைச்சர்’ என்றால் அவர் உயரமானவர், அமைச்சரும்கூட. ‘முன்னாள் அமைச்சர்’ என்றால் அவர் அமைச்சர் அல்லர். அடைமொழி ஒரு பண்பைக் கூட்டவில்லை. பெயரையே காலத்தில் பின்னுக்குத் தள்ளுகிறது. ஹான்ஸ் கம்ப் 1975ல் பெயரடைகளின் பொருளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு மொழியியலாளர்கள் இவ்வகைச் சொற்களைத் தனியாகப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். போலி என்பதும் இதே குடும்பம். போலி மருத்துவர் மருத்துவர் அல்லர். ஒரு வேறுபாடு உண்டு: போலி மருத்துவர் ஒருநாளும் மருத்துவராக இருந்ததில்லை, முன்னாள் அமைச்சர் ஒருகாலத்தில் உண்மையாகவே அமைச்சர். ஆக ஃபார்மர் இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறது. அந்த உறவு இருந்தது. அந்த உறவு முடிந்தது. ஆளைப் பற்றி அது வேறெதுவும் சொல்வதில்லை. அவர் வயதானவரா, ஓய்வுபெற்றவரா, உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

புதுச்சேரி அரசியல் இதற்கு நல்ல பாடம். என். ரங்கசாமி 2001ல் முதல்வரானார். 2008ல் பதவி விலகினார், வி. வைத்திலிங்கம் முதல்வரானார். அன்று முதல் ரங்கசாமி முன்னாள் முதல்வர். 2011 மே மாதம் மறுபடி முதல்வரானதும் அந்த அடைமொழி கழன்றுவிட்டது. 2016ல் வி. நாராயணசாமி பொறுப்பேற்றபோது மீண்டும் ஒட்டிக்கொண்டது. 2021 மே மாதம் மீண்டும் கழன்றது. முன்னாள் என்பது ஒருவரிடம் நிரந்தரமாகத் தங்கும் பண்பு அல்ல, ஓர் உறவின் அன்றைய நிலை என்பதை இந்த இருபது ஆண்டுச் செய்தித்தாள்களைப் படித்தாலே புரிந்துகொள்ளலாம்.

இதே வரிசை இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. 2021 மே மாதம் ரங்கசாமி பொறுப்பேற்றபோது அவருக்கு முந்தைய முதல்வர் நாராயணசாமி ஒருவர்தான். முன்னாள் முதல்வர்கள் என்றால் வைத்திலிங்கமும் சேர்வார். உடனடியாக முன்னே இருந்தவர் முந்தைய, அதாவது ஆங்கிலத்தின் ‘பிரீவியஸ்’. எப்போதோ இருந்து விலகியவர் யாரானாலும் முன்னாள், அதாவது ‘ஃபார்மர்’. இந்த அளவுக்குப் பொருந்திவரும் ஜோடி இரு மொழிகளுக்கிடையே அபூர்வம். அதைப் பயன்படுத்தாமல் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் ஒரே தமிழ்ப் பொருளை எழுதிப்போடும் கையேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எம்.ஓ.எச். ஃபரூக்கை எடுத்துக்கொள்வோம். 1967 தொடங்கி வெவ்வேறு காலங்களில் மூன்று முறை புதுச்சேரி முதல்வராக இருந்தவர். கேரள ஆளுநராக இருந்தபோது 2012ல் காலமானார். அவர் உயிரோடிருந்தவரை ‘ஃபார்மர்’ மட்டும். காலமான பிறகு பெயருக்கு முன் ‘தி லேட்’ வரும், நாம் மறைந்த என்றோ காலஞ்சென்ற என்றோ சொல்வதுபோல. 1970ல் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது இரண்டும் பொருந்தாது. அன்றைக்கு அவர் பதவியில் இருந்தவர். அப்போது ஆங்கிலத்தில் ‘தி தென் சீஃப் மினிஸ்டர்’. தமிழில் அப்போதைய முதல்வர். நம் நாளிதழ்களின் ஆங்கிலப் பக்கங்களில்கூட இந்த இடத்தில் ஃபார்மர் நுழைந்துவிடுகிறது. முன்னாள் முதல்வர் அணையைத் திறந்துவைத்தார் என்று எழுதினால், பதவி போன பிறகு அவரை அழைத்துத் திறக்கச் சொன்னார்கள் என்றாகிவிடும். எழுதுபவர் நிற்கும் காலத்திலிருந்து பார்த்தால் முன்னாள். நிகழ்ச்சி நடந்த காலத்திலிருந்து பார்த்தால் அப்போதைய. எந்தக் காலத்தில் நின்று பேசுகிறோம் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

ஆக அதிகமான பிழை ‘ஓல்டு’, ‘ஃபார்மர்’ என்ற இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது. பழைய நண்பர் இன்னும் நண்பர்தான். நட்புக்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவே. ஃபார்மர் ஃபிரெண்ட் என்றால் நட்பு முறிந்துவிட்டது. கல்லூரித் தோழியைப் பல ஆண்டு கழித்துப் பார்த்த மகிழ்ச்சியைக் கடிதமாக எழுதும் பெண் அவரை ஃபார்மர் ஃபிரெண்ட் என்று எழுதிவிட்டால் படிப்பவர் முகம் மாறும். கட்டடங்களில் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமாக நடக்கிறது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே நிற்கும் கலங்கரை விளக்கம் 1836ல் கட்டப்பட்டது. 1979ல் புதிய விளக்கம் வந்த பிறகு அது பழைய கலங்கரை விளக்கம் ஆயிற்று. அதை ‘ஓல்டு லைட்ஹவுஸ்’ என்றால் புதியது ஒன்று வேறெங்கோ இருக்கிறது என்ற செய்தி உள்ளே இருக்கிறது. ‘ஃபார்மர் லைட்ஹவுஸ்’ என்றால் இந்தக் கட்டடம் அந்த வேலையை விட்டுவிட்டது என்ற செய்தி. இரண்டும் உண்மை, அழுத்தம் வேறு. தமிழில் முன்னாள் கலங்கரை விளக்கம் என்று சொன்னால் காது ஏற்காது. பதவி, பொறுப்பு, உறவு ஆகியவற்றைச் சுமக்கும் மனிதர்களுக்கும் நிறுவனங்களுக்கும் முன்னாள் பொருந்தும். கல்லுக்கும் செங்கலுக்கும் பொருந்தாது. ஆங்கிலச் சொல்லுக்கு அந்தத் தடை இல்லை. ‘முன்பு சுங்கச்சாவடியாக இருந்த கட்டடம்’ என்று பெயரெச்சத்தால் நாம் விரித்துச் சொல்வதையெல்லாம் அது ஒரே அடையில் முடித்துவிடும். மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் முன்னாளை விட்டுவிட்டு ‘இருந்த’ என்பதைக் கையிலெடுக்கவேண்டும்.

பழைய என்ற சொல்லே ஃபார்மருக்குச் சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. கடற்கரைச் சாலையில் ‘மேரி’ என்று ஊரார் சொல்லும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021ல் திறந்தார்கள். இதைப் பற்றி எழுதுகிற ஆங்கிலக் கட்டுரை ‘ஃபார்மர் குளோரி’ என்ற தொடரைத் தேடிப்போகும். இதற்கு முன்னாள் பொலிவு என்று எழுதமுடியாது. பழைய பொலிவு என்பதுதான் தமிழ். அழகு, புகழ், வலிமை, தோற்றம் போன்ற பண்புப் பெயர்களோடு வரும்போது பழைய, பண்டைய என்பவை வேண்டும். ‘ஃபார்மர் டைம்ஸ்’ என்றால் முற்காலம். ஆக, தமிழ்ச் சொல்லைத் தீர்மானிப்பது ஃபார்மர் அல்ல, அதற்கு அடுத்து வரும் பெயர். இதனால்தான் இந்தச் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்கிறேன்.

பள்ளிச் சங்கங்களின் பெயரில் இந்தச் சிக்கல் முழுவதும் வெளிச்சத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் முன்னாள் மாணவர் சங்கம். யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கம். ஆங்கிலேயப் பள்ளி மரபின் ‘ஓல்டு பாய்ஸ்’ அங்கே அப்படியே தமிழாகி நிலைத்துவிட்டது. லண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள ஈழத்தமிழர் இன்றும் அந்தப் பெயரில்தான் கூடுகிறார்கள். 1826ல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயில் படித்தவர்களுக்குப் பிரெஞ்சில் உள்ள சொல் ‘ஆன்சியன் எலேவ்’. மூன்றும் ஒரே ஆட்களைத்தான் குறிக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் என்ற தொடரைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு உறவு தொடர்கிறது என்ற இதமும் இருக்கிறது. முன்னாளில் அது இல்லை. தமிழ்ப் பேராசிரியர்கள் முன்னாள் துணைவேந்தர் என்பதைத் தவிர்த்து மேனாள் துணைவேந்தர் என்று எழுதுவதும் இப்படிப்பட்ட மரியாதையால்தான் என்று நினைக்கிறேன். மேல் + நாள் சேர்ந்து உண்டான அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே, தொனி வேறு.

பிரெஞ்சு ‘ஆன்சியன்’ பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். அது பெயருக்கு முன்னால் வந்தால் முன்னாள். பின்னால் வந்தால் பழைமையான. ‘ஆன்சியன் எக்லிஸ்’ என்றால் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். ‘எக்லிஸ் ஆன்சியன்’ என்றால் மிகப் பழைய தேவாலயம், பூசை இன்றும் நடக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் செய்வதைப் பிரெஞ்சு ஒரே சொல்லின் இடமாற்றத்தால் செய்துமுடிக்கிறது. அதனால் பிரெஞ்சை முதலில் படித்து ஆங்கிலத்துக்கு வரும் புதுச்சேரிப் பிள்ளைக்கென்றே ஒரு தனிப் பொறி உண்டு. உருவத்தில் ஒத்த ‘ஏன்ஷியன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்து, தமக்கு முன்பு பாடம் எடுத்த ஆசிரியரை ‘மை ஏன்ஷியன்ட் டீச்சர்’ என்று எழுதிவிடுவார். சங்ககாலத்து ஆசிரியர் என்று ஆகிவிடும். 1889லிருந்து இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகளில் பிரெஞ்சு படிக்கும் ஆங்கிலவழி மாணவர்களுக்கு இதே பொறி எதிர்த்திசையில் காத்திருக்கிறது. இரு வகையினருக்கும் மருந்து ஒன்றுதான்: ஆன்சியன் முன்னால் நின்றால் தமிழில் முன்னாள், பின்னால் நின்றால் தொன்மையான. தமிழை நடுவில் வைத்தால் குழப்பம் தீர்கிறது.

இந்தச் சொல் எதன்மேல் உட்கார்கிறது என்பதும் முக்கியம். ‘ஃபார்மர் பிரெஞ்ச் டெரிட்டரி’ என்பதில் முடிந்துபோனது நிலமும் அல்ல, பிரெஞ்சும் அல்ல, இரண்டுக்கும் இடையில் இருந்த ஆட்சியுறவு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. 1956ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ல்தான் சட்டப்படி மாற்றம் நிறைவேறியது. எந்த நாளிலிருந்து முன்னாள் என்று கணக்கிடுவது என்பதற்கே இரண்டு விடைகள் உண்டு. இணைப்பு நிறைவேறியபின் ஆறு மாத காலத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் வழிசெய்தது. அப்படி எழுதிக்கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இவ்வூரில் வாழ்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணிசெய்து ஓய்வூதியம் பெறுபவர்களை ஊரார் ‘சொல்தா’ என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும் வெளியூர்க்காரர்கள் இவர்களை ‘ஃபார்மர் பிரெஞ்ச் சிட்டிசன்ஸ்’ என்று எழுதிவிடுவதுண்டு. அது பிழை. சிப்பாய் வேலை முடிந்தது, ஆகவே முன்னாள் படைவீரர் சரி. குடியுரிமை முடியவில்லை, ஆகவே அங்கே அந்த அடைமொழிக்கு வேலையில்லை. ஊர் முன்னாள் பிரெஞ்சு ஆட்சிப்பகுதி என்பதால் அதில் உள்ள எல்லாவற்றுக்கும் முன்னாள் ஒட்டிவிடாது.

உடைமைச் சொற்களோடு வரும்போதும் இதே கவனம் வேண்டும். ‘மை ஃபார்மர் ஹவுஸ்’ என்றால் வீடு வீடாகத்தான் இருக்கிறது. என்னுடையது என்ற உறவுதான் போய்விட்டது. தமிழில் இதை நாங்கள் முன்பு குடியிருந்த வீடு என்று வினையால்தான் சொல்கிறோம். ‘மை ஒய்ஃப்ஸ் ஃபார்மர் ஹவுஸ்’ என்பதும் ‘மை ஃபார்மர் ஒய்ஃப்ஸ் ஹவுஸ்’ என்பதும் ஒரு சொல் இடம் மாறியதால் குடும்பமே மாறிவிடும் தொடர்கள். நம் பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. வீட்டுக்காரர் என்றால் வீட்டுச் சொந்தக்காரரும் ஆகும், கணவரும் ஆகும். முன்னாள் வீட்டுக்காரர் என்று ஒரு பெண் எழுதியதை ஆங்கிலமாக்குபவர் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுவதுதான் முறை.

இந்தப் பெயரடைக்கு ஒரு கனமான பயன்பாடும் இருக்கிறது, பாடநூல்கள் அதைத் தொடுவதில்லை. முடிந்ததைச் சொல்வதற்காக வந்த சொல், முடிந்ததை மறக்கவிடாமலும் செய்யும். 1871ல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952ல் நாடு முழுவதும் நீக்கப்பட்ட பிறகும், அந்தச் சமூகங்களை ‘எக்ஸ்-கிரிமினல் டிரைப்ஸ்’ என்றே ஆவணங்களில் குறித்தார்கள். சட்டம் போயிற்று, வசை போகவில்லை. சீர்மரபினர் என்ற தமிழ்ச் சொல் அந்த வசையைத் தொடாமல் விலகி நிற்கிறது, அதை உண்டாக்கியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். 2009ல் போர் முடிந்தபின் இலங்கையில் முன்னாள் போராளி என்ற தொடர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் பெயருக்கு முன்னால் வந்து நிற்பதையும் எண்ணிப்பாருங்கள். போராட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லவந்த அடைமொழியே அவரை அதே இடத்தில் கட்டிவைக்கிறது. மனிதர்களுக்கு இதைச் சேர்க்கும்போது சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது மொழிப் பாடத்தின் பகுதியாக இருக்கவேண்டும்.

ஃபார்மரோடு தொடர்புள்ள மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு பேச்சுவழக்குக்கு நெருக்கமானது; எக்ஸ் எம்.எல்.ஏ. என்பது நம் தெருப்பேச்சிலேயே இருக்கிறது. மணவுறவு முறிந்தவரைக் குறிக்க ஆங்கிலத்தில் அதுவே இயல்பு. ஆனால் ‘எக்ஸ் அஃபிஷியோ’ என்பதில் உள்ள எக்ஸ் வேறு: பதவியின் காரணமாக உறுப்பினர் ஆனவர் என்று பொருள், பதவிவழி உறுப்பினர் என்கிறோம். முன்னாள் அலுவலர் என்று படித்துவிடக்கூடாது. ‘அர்ஸ்ட்வைல்’ இந்திய ஆங்கிலத்துக்கு மிகவும் பிடித்த சொல். நடை கனத்துவிடும், ஃபார்மர் போதும். ‘ஃபார்மர்லி’ வினையடை. 2006 அக்டோபர் முதல் புதுச்சேரி, ஃபார்மர்லி பாண்டிச்சேரி. நேரு வீதி, ஃபார்மர்லி துய்ப்ளெக்ஸ் வீதி. பெயர் மாறியதைச் சொல்ல இந்த வடிவம்தான் வேண்டும்.

கடைசியாக ஃபார்மர்-லாட்டர் ஜோடி. இரண்டைச் சொல்லிவிட்டு முதலாவது, இரண்டாவது என்று சுட்டுவது. தமிழில் முன்னது, பின்னது. மாகி, ஏனாம் இரண்டும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. முன்னது கேரளத்தின் நடுவிலும் பின்னது ஆந்திரத்தின் நடுவிலும் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்று நான்கையும் சொல்லிவிட்டால் இந்த ஜோடியைப் பயன்படுத்த முடியாது. அது இரண்டுக்கு மட்டுமே உரியது. நிரல்நிறை அணியைப் படித்த தமிழ் மாணவருக்கு வரிசைப்படி பொருத்திப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. இல்வாழ்க்கை அதிகாரத்தின் ஐந்தாம் குறளை அதற்காகத்தானே பள்ளியில் படித்தோம். அந்தக் குறளை நடத்தும் வகுப்பிலேயே, அடுத்த பத்து நிமிடத்தில், இந்த ஆங்கில ஜோடியையும் நடத்திவிடலாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.